வாயிலில் நின்ற செய்தி



என் அம்மாச்சி 1975ஆம் ஆண்டில் கன்னியர் விடுதி ஒன்றில் தங்கிப் படித்தவர். அந்நாளில் விடுதிக்கு வரும் கடிதங்களை எல்லாம் விடுதிப் பொறுப்புச் சகோதரி முதலில் பிரித்துப் படிப்பாராம். அதன் பின்னரே அவை மாணவியர் கைக்கு வரும். அவ்வாண்டு அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது, வாரந்தோறும் தவறாமல் வந்துகொண்டிருந்த தந்தையின் கடிதம் மூன்று வாரமாக வரவில்லை. அம்மாச்சிக்கோ காரணம் தெரியவில்லை. தேர்வு முடிந்த அன்று மாலை சகோதரி அவரை அழைத்து, மூன்று கடிதங்களை ஒன்றாகக் கொடுத்தார். தாயார் குடற்காய்ச்சலால் மருத்துவமனையில் இருந்த செய்தி அவற்றில் இருந்தது.

"அம்மா பிழைத்துக்கொண்டார்கள். சகோதரியும் என் நன்மையை நினைத்துத்தான் செய்தார்கள். ஆனாலும், எனக்குத் தெரிந்திருந்தால் கோவிலில் முழந்தாளிட்டு ஒரு செபமாலையாவது சொல்லியிருப்பேனே! அந்த மூன்று வாரமும் நான் சிரித்து விளையாடிக்கொண்டிருந்தேன்" என்று அம்மாச்சி இன்றும் கூறுவார்.

நல்லெண்ணத்தோடு நிறுத்தப்பட்ட செய்தியும் ஒருவரிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டுதான் போகிறது என்பதை இச்சிறு நிகழ்ச்சி எனக்கு உணர்த்தியது. ஒரு விடுதியில் ஒரு கடிதம் நின்றாலே இவ்வளவு வருத்தம் என்றால், ஒரு நாட்டில் ஒரு செய்தித்தாளே வாயிலில் நிறுத்தப்பட்டால் என்ன ஆகும்? இன்று செய்தித்தாள் இணையத்தின் வழியாகவும் வீட்டிற்குள் வருகிறது. அதனை அரசு எவ்வாறு நிறுத்துகிறது, எந்தச் சட்டத்தின்படி நிறுத்துகிறது, நிறுத்துவது எப்போது முறை, எப்போது முறையன்று என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

விகடனுக்கு நேர்ந்தது

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. ஆனந்த விகடன் 1926ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 1928 முதல் எஸ். எஸ். வாசன் அவர்களால் வளர்க்கப்பட்ட இதழ் என்பதை நாம் அறிவோம். நம் பாட்டிமார் பலரும் தொடர்கதைக்காக வாரந்தோறும் காத்திருந்த இதழ் அது. இன்று அதற்கு இணையத்தளமும் இணையத்தில் மட்டும் வெளிவரும் இதழும் உண்டு.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், அமெரிக்காவில் உரிய அனுமதியின்றித் தங்கியிருந்ததாகக் கூறப்பட்ட இந்தியர் 104 பேரை அந்நாட்டின் இராணுவ விமானம் ஒன்று அமிர்தசரசில் கொண்டுவந்து இறக்கியது. அவர்கள் கையிலும் காலிலும் விலங்கிடப்பட்டு அழைத்து வரப்பட்டனர் என்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. பிரதமர் நரேந்திர மோடி அமெரிக்க அதிபர் டிரம்ப்பைச் சந்திக்கவிருந்த நேரம் அது. விகடனின் இணைய இதழ் பிப்ரவரி 10ஆம் நாள் ஒரு கேலிச் சித்திரம் வெளியிட்டது. பிரதமர் விலங்கிடப்பட்ட நிலையில் அதிபரின் அருகே அமர்ந்திருப்பதாக அச்சித்திரம் அமைந்திருந்தது.

இது பிரதமரை இழிவுபடுத்துவது என்று கூறி, பாரதீய ஜனதா கட்சியின் அன்றைய மாநிலத் தலைவர் கு. அண்ணாமலை மத்திய அரசிடமும் பத்திரிகைக் கவுன்சிலிடமும் முறையிட்டார். பிப்ரவரி 15ஆம் நாள் மாலை முதல் விகடன் தளம் பலருக்குத் திறக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் இணைப்பை வைத்திருந்தவருக்குத் திறந்தது. வேறொரு நிறுவனத்தின் இணைப்பை வைத்திருந்தவருக்குத் திறக்கவில்லை. முடக்கியதாக அரசிடமிருந்து முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று அவ்வேளையில் விகடன் கூறியது. மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் நோட்டீசு பின்னர் வந்தது.

விகடன் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. ஒரு சித்திரத்திற்காகத் தளம் முழுவதையும் மூடலாமா என்பதே வழக்கின் மையக் கேள்வி. நாட்டின் இறையாண்மையையும் அயல்நாட்டு நட்புறவையும் அச்சித்திரம் பாதிக்கிறது என்பது அரசின் வாதம். அது பத்திரிகைச் சுதந்திரத்திற்கு உட்பட்ட விமரிசனமே என்பது விகடனின் வாதம். மார்ச் 6ஆம் நாள் நீதியரசர் டி. பரத சக்கரவர்த்தி இடைக்கால உத்தரவு ஒன்று பிறப்பித்தார். விகடன் அந்தச் சித்திரம் உள்ள பக்கத்தைத் தற்காலிகமாக நீக்க வேண்டும். நீக்கியதைத் தெரிவித்தவுடன் அரசு தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்பதே அந்த உத்தரவு. தளம் மீண்டும் திறந்தது.

அச்சித்திரம் நல்லதா, வரம்பு மீறியதா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. அதில் பெற்றோரிடையேயும் இரு கருத்து இருக்கலாம். ஒன்றை மட்டும் எண்ணிப் பார்ப்போம். கிட்டத்தட்ட மூன்று வாரம், அச்சித்திரத்தோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத மருத்துவக் கட்டுரையும், வேளாண்மைக் குறிப்பும், மாணவர்க்கான கல்வி வழிகாட்டியும், பழைய கதைகளும் சேர்ந்தே மூடப்பட்டுக் கிடந்தன. இவ்வாறு நேர்ந்தது ஏன்? அதற்கு இணையம் இயங்கும் முறையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

கதவு எங்கே இருக்கிறது?

நாம் ஒரு தளத்தின் பெயரைக் கைப்பேசியில் தட்டியதும் என்ன நடக்கிறது? கணினிகளுக்குப் பெயர் புரியாது; எண்ணே புரியும். எனவே, அந்தப் பெயருக்கு உரிய எண் முகவரி யாது என்று நம் கைப்பேசி முதலில் ஒரு பெயர்ப் பட்டியலைக் கேட்கிறது. முன்பு தொலைபேசி அலுவலகம் வீடுதோறும் கொடுத்த தடித்த தொலைபேசி எண் புத்தகத்தைப் போன்றது அப்பட்டியல். எண் கிடைத்தபின், நமக்கு இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் வழியாக நம் வேண்டுகோள் அத்தளத்தின் கணினிக்குச் செல்கிறது. அங்கிருந்து பக்கம் வந்து சேர்கிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடுகின்றன.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. செய்தி எழுதுபவர் எங்கோ இருக்கலாம். படிப்பவர் எங்கோ இருக்கலாம். ஆனால் இருவருக்கும் இடையே இணைப்பு நிறுவனம் என்னும் வாயிற்காவலர் நிற்கிறார். அரசு செய்தியாளரின் வீட்டிற்குப் போக வேண்டியதில்லை. அச்சகத்தைப் பூட்ட வேண்டியதுமில்லை. வாயிற்காவலருக்கு ஓர் உத்தரவு அனுப்பினாலே போதும்.

உத்தரவைப் பெற்ற நிறுவனம் பல வழிகளில் கதவை அடைக்கலாம். பெயர்ப் பட்டியலில் அந்தப் பெயருக்கு எண் இல்லை என்று பொய் விடை கொடுப்பது ஒரு வழி. அந்த எண் முகவரிக்குச் செல்லும் பாதையையே அடைத்துவிடுவது மற்றொரு வழி. கைப்பேசி தளத்தை அழைக்கும் முதல் நொடியில் அதன் பெயரைக் கவனித்து, உடனே இணைப்பைத் துண்டித்துவிடுவது மூன்றாவது வழி. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழியை ஒவ்வொரு நேரத்தில் கையாள்வதால்தான் ஒருவருக்குத் திறக்கும் தளம் அடுத்த வீட்டாருக்குத் திறப்பதில்லை. "இணைப்பில் ஏதோ கோளாறு" என்று எண்ணி நாமும் கைப்பேசியை அணைத்து மறுபடி போடுகிறோம்! விடுதியில் என் அம்மாச்சியும் "தபால்காரர் மறந்திருப்பார்" என்றுதான் எண்ணினாராம்.

இனி, ஒரு பக்கத்திற்காகத் தளம் முழுவதும் ஏன் மூடப்படுகிறது என்பதற்கு வருவோம். இப்போது பெரும்பாலான தளங்கள் நமக்கு அனுப்புவதைப் பூட்டிட்டு அனுப்புகின்றன. முகவரிக் கட்டத்தில் சிறு பூட்டுப் படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அது ஒட்டிய உறையில் வரும் கடிதத்தைப் போன்றது. உறையின் மேல் அனுப்பியவர் பெயர் தெரியும்; உள்ளே எழுதியிருப்பது தபால்காரருக்குத் தெரியாது. "அவர் எழுதும் குறிப்பிட்ட ஒரு கடிதத்தை மட்டும் நிறுத்து" என்று தபால்காரரிடம் சொன்னால் அவரால் இயலாது. அவரால் இயன்றது, அப்பெயர் கொண்ட எல்லா உறைகளையும் நிறுத்துவது ஒன்றே. எனவே குற்றம் என்று கருதப்படுவது ஒரு சித்திரமாக இருந்தாலும், தண்டனை நூலகம் முழுவதற்கும் போய்ச் சேர்கிறது.

நம் அவனியாபுரத்தில் தை முதல் நாள் சல்லிக்கட்டு நடப்பதை உலகமே அறியும். ஒவ்வொரு காளையையும் கால்நடை மருத்துவர் பார்த்து, தகுதியற்றது என்று கண்டால் அக்காளையை மட்டும் திருப்பி அனுப்புகிறார். ஒரு காளைக்காக வாடிவாசலையே அடைத்துவிட்டால், ஆண்டு முழுவதும் மாடு வளர்த்து வரிசையில் நிற்பவர் அனைவரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். தளத்தை முடக்குவதும் இத்தகையதே.

செய்தித் தளங்களுக்கு மட்டும் இது நேரவில்லை. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இரண்டு இந்தித் திரைப்படங்களைத் திருட்டுத்தனமாக வெளியிடாமல் தடுப்பதற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெறப்பட்ட உத்தரவுப்படி 2600க்கும் மேற்பட்ட தளங்கள் மூடப்பட்டன. அவற்றுள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் பொது நூலகத் தளமும் சிக்கிக்கொண்டது. அச்சில் இல்லாத பழந்தமிழ் நூல்கள் பலவற்றை ஆராய்ச்சியாளர் தேடிப் படிக்கும் இடம் அது. வலையை அகலமாக வீசினால், வேண்டாத மீனோடு வேண்டிய மீனும் சேர்ந்தே மாட்டிக்கொள்கிறது.

சட்டம் கூறுவது யாது?

நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு குடிமக்களுக்குப் பேச்சுரிமையும் கருத்துரிமையும் அளிக்கிறது. பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியே எழுதப்படவில்லை எனினும், அது கருத்துரிமைக்குள் அடங்கியதே என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியுள்ளது. அதே பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி, அயல்நாட்டு நட்புறவு, நன்னெறி முதலிய காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கவும் இடந்தருகிறது. "நியாயமான" என்ற சொல்லே இங்கு உயிர்நிலை.

இணையத்தைப் பொறுத்தவரை, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 69-ஏ என்னும் பிரிவு பின்னர் சேர்க்கப்பட்டது. 2009 முதல் அது நடைமுறையில் உள்ளது. குறிப்பிட்ட சில காரணங்களுக்காக எந்த இணையப் பக்கத்தையும் மக்கள் பார்வையிலிருந்து தடுக்க மத்திய அரசுக்கு அது அதிகாரம் அளிக்கிறது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்; அதிகாரிகள் குழு ஆராய வேண்டும்; அவசர நேரத்தில் முதலில் தடுத்துவிட்டுப் பின்னர் ஆராயலாம். ஆனால், இந்த உத்தரவுகளை இரகசியமாகக் காக்க வேண்டும் என்றும் விதி கூறுகிறது. இங்குதான் சிக்கல். ஏன் மூடினார்கள் என்பது படிப்பவருக்குத் தெரிவதில்லை. சில வேளைகளில் எழுதியவருக்கே தெரிவதில்லை. காரணம் தெரியாதவர் எதை எதிர்த்து வழக்காடுவார்?

நாடாளுமன்றத்தில் அரசு அளித்த விடையின்படி, இப்பிரிவின்கீழ் 2014ஆம் ஆண்டில் தடுக்கப்பட்ட பக்கங்களும் கணக்குகளும் 471. 2020ஆம் ஆண்டில் 9849. இவை அனைத்தும் செய்திகள் அல்ல. பயங்கரவாதப் பிரசாரமும் மோசடியும் இவற்றுள் உண்டு. எனினும், எண்ணிக்கை பெருகப் பெருக, ஒவ்வொன்றையும் நிதானமாக ஆராய நேரம் குறையும் என்பது எளிதில் விளங்கும்.

பெண்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்றும் உண்டு. 2012ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மாநிலத்தில், முகநூலில் ஒரு கருத்தை எழுதியதற்காக ஓர் இளம்பெண்ணும், அதை விரும்பியதாகக் குறியிட்டதற்காக அவர் தோழியும் கைது செய்யப்பட்டனர். இதைக் கண்டு மனம் பொறுக்காத ஷ்ரேயா சிங்கால் என்னும் டில்லி நங்கை, இருபதுகளின் தொடக்கத்திலேயே உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2015ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், கைதுக்குக் காரணமான 66-ஏ பிரிவு செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 69-ஏ பிரிவை அதே தீர்ப்பு செல்லும் என்றது. காரணம் எழுத்தில் இருப்பதால் அதனை நீதிமன்றத்தில் எதிர்க்க வழியுண்டு என்று கூறியது. பின்னர், காசுமீரில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய இணைய முடக்கத்தை எதிர்த்துப் பத்திரிகையாசிரியர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில், இணையத்தை முடக்கும் உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி முடக்கக் கூடாது என்று 2020 சனவரி 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கூறியது. இரு வழக்குகளையும் தொடுத்தவர் பெண்கள் என்பது நமக்குப் பெருமை.

இது புதிய கதையன்று

இணையம் புதிது, தடை பழையது. பாரதியார் ஆசிரியராக விளங்கிய 'இந்தியா' இதழின் மீது 1908ஆம் ஆண்டில் ஆங்கில அரசு நடவடிக்கை எடுத்தபோது, அவர் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். இதழும் அங்கிருந்து வெளிவந்தது. ஆங்கில அரசால் அங்கே அச்சகத்தைப் பூட்ட இயலவில்லை. ஆகவே, இதழ் தன் எல்லைக்குள் வருவதைத் தடை செய்தது. படிப்பவரிடம் சேராத இதழ் எத்தனை நாள் வாழும்? 1910ஆம் ஆண்டில் அது நின்றுபோயிற்று. எழுதுபவரைத் தொடாமல் வாயிலை அடைக்கும் இன்றைய முறைக்கும் அன்றைய முறைக்கும் வேறுபாடு மிகக் குறைவே.

1975ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது, மறுநாள் காலை செய்தித்தாள் வெளிவராதபடி டில்லியில் பல பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரம் துண்டிக்கப்பட்டது. தணிக்கை அதிகாரி பார்த்த பின்னரே செய்தி அச்சேற வேண்டும் என்ற நிலை வந்தது. ஜூன் 28ஆம் நாள் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தன் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டு வெளியிட்டது. அவ்வெற்றிடத்தில் ஒரு நன்மை இருந்தது: இங்கே ஏதோ நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதையாவது படிப்பவர் அறிந்தார். இன்று திறக்காத தளமோ வெற்றிடத்தையும் காட்டுவதில்லை. கோளாறு போலவே தோன்றுகிறது.

விகடனுக்கும் இது முதல் முறையன்று. 1987ஆம் ஆண்டில் அமைச்சர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் கேலி செய்து அட்டையில் வெளியிட்ட ஒரு நகைச்சுவைச் சித்திரத்திற்காக, சட்டமன்றத்தின் உரிமை மீறியதாகக் கூறி, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் அவர்களுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் மூன்றாம் நாளே விடுதலையானார். பின்னர் அவர் வழக்காடி வென்றார். நீதிமன்றம் அளிக்கச் சொன்ன ஆயிரம் ரூபாயைச் செலவிடாமல் சட்டமிட்டு மாட்டி வைத்தார். 1987இல் ஆண்டவர்கள் வேறு, 2025இல் ஆண்டவர்கள் வேறு. 1975இல் ஆண்டவர்களும் வேறே. ஆகவே இது ஒரு கட்சியின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. கையில் பூட்டு இருக்கும் எவருக்கும் வரக்கூடிய சோதனை.

நம் திருச்சபையின் வரலாற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விசுவாசிகள் படிக்கக் கூடாத நூல்களின் பட்டியல் ஒன்றை 1559ஆம் ஆண்டில் திருத்தந்தை நான்காம் பவுல் வெளியிட்டார். கலிலேயோவின் நூலும் அத்தகைய பட்டியலில் இடம்பெற்று, 1835ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. நாம் இன்று அறிவியல் வகுப்பில் படிக்கும் உண்மைதான் அது! இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு சமூகத் தொடர்பு பற்றிய தன் ஏட்டில், செய்தியை அறியும் உரிமை மனிதருக்கு உண்டு என்று எடுத்துரைத்தது. 1966ஆம் ஆண்டில் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்தில் அந்நூற்பட்டியல் வழக்கொழிந்தது. பழைய தவற்றை உணர்ந்து திருத்திக்கொள்வது தாழ்வன்று, அதுவே வளர்ச்சி.

எல்லாத் தடையும் தவறா?

அவ்வாறும் கூறிவிட முடியாது. குழந்தைகளைக் கெடுக்கும் படங்களைத் தடுப்பதை எவரும் குறை கூற மாட்டார். நம் பள்ளிக் கணினி அறையில் சில தளங்கள் திறப்பதில்லை. வளரும் பிள்ளைகளைக் காப்பது பெற்றோர், ஆசிரியர் கடமை. ஆனால் குடிமக்கள் அரசின் பிள்ளைகள் அல்லர்; அரசைத் தேர்ந்தெடுப்பவரே அவர்கள்தாம். பிள்ளைக்குப் பொருந்தும் அளவுகோலை வாக்காளருக்குப் பொருத்தக் கூடாது.

கலவர நேரத்தில் வதந்தி பரவாமல் தடுப்பது பற்றி என்ன சொல்வது? 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாவன்று இலங்கையில் நடந்த குண்டுவெடிப்புகளை நாம் மறக்க முடியாது. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு அருகே கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழிவாங்கும் எண்ணமும் பொய்ச் செய்தியும் பரவக் கூடாது என்று இலங்கை அரசு அன்றே முகநூல், வாட்ஸ்அப் முதலியவற்றை முடக்கியது. அம்மாத இறுதியில்தான் திறந்தது. அதன் அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் வெளிநாட்டில் இருந்த உறவினர், தம் குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் வழியும் அதனோடு அடைபட்டது. இன்னொன்றையும் நினைக்க வேண்டும். தாக்குதல் நடக்கக்கூடும் என்ற எச்சரிக்கை முன்கூட்டியே அதிகாரிகளுக்குக் கிடைத்திருந்தது. மக்களுக்கோ ஆலயங்களுக்கோ அது எட்டவில்லை. தடுக்கத் தவறியதற்காக முன்னாள் அதிபரும் உயர் அதிகாரிகளும் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023 சனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரவிய பொய்யால் வரும் கேடு பெரிது. பரவாத உண்மையால் வரும் கேடும் அதற்குச் சிறிதன்று.

அதே இலங்கையில், போர் நடந்த காலத்தில், தமிழ்நெட் என்னும் செய்தித் தளம் 2007 ஜூன் முதல் முடக்கப்பட்டிருந்தது. 2015இல் ஆட்சி மாறிய பின்னரே அத்தடை நீங்கியது. அத்தளம் ஒருபக்கம் சார்ந்தது என்று குறை கூறியோர் உண்டு. ஆயினும், போரின் மிகக் கொடிய மாதங்களில், இரு பக்கச் செய்தியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அந்நாட்டு மக்களுக்கே மறுக்கப்பட்டது. துருக்கி நாடோ விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியத் தளம் முழுவதையும் 2017 ஏப்ரல் முதல் 2020 சனவரி வரை மூடி வைத்தது. அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே அது உரிமை மீறல் என்று கூறித் திறக்கச் செய்தது.

நமக்கு அருகிலேயே, 2018ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணைய இணைப்பு நிறுத்தப்பட்டது. வதந்தியைத் தடுக்கவே என்று அரசு கூறியது. அவ்வேளையில் அம்மாவட்டங்களில் ஒரு செய்தித் தளம் மட்டுமன்று, எல்லாமே நின்றன.

ஐந்து கேள்விகள்

அப்படியானால், முறையான தடைக்கும் முறையற்ற தடைக்கும் வேறுபாடு காண்பது எப்படி? ஒவ்வொரு முறையும் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது, தடுத்தவர் யார், எந்தச் சட்டப்படி தடுத்தார் என்பது வெளிப்படையாகத் தெரிகிறதா?

இரண்டாவது, காரணம் எழுதியவருக்கும் படிப்பவருக்கும் சொல்லப்பட்டதா?

மூன்றாவது, தடுக்க வேண்டியது எதுவோ அது மட்டும் தடுக்கப்பட்டதா, அல்லது வாடிவாசலே அடைக்கப்பட்டதா?

நான்காவது, தடைக்கு ஒரு கால எல்லை உண்டா?

ஐந்தாவது, தடுத்தவரைத் தவிர வேறொருவர், அதாவது நீதிபதி ஒருவர், அதனை விரைவில் ஆராய வழியுண்டா?

ஐந்திற்கும் "ஆம்" என்று விடை வந்தால் அத்தடையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு "இல்லை"க்கும் நம் ஐயம் ஒரு படி உயர வேண்டும். மேலே சொன்ன ஒவ்வொரு நிகழ்ச்சியையும் இந்த ஐந்து கேள்விகளால் நீங்களே உரைத்துப் பாருங்கள்.

மாணவியராகிய நம் கடமையும் இங்கு உண்டு. தடை போடுவோர் முதலில் காட்டும் காரணம் பொய்ச் செய்தி. நாம் உறுதி செய்யாத செய்தியை "வந்தபடி அனுப்பினேன்" என்று பத்துப் பேருக்கு அனுப்பும்போது, அந்தப் பூட்டிற்கு நாமே சாவி செய்து கொடுக்கிறோம். ஒரு செய்தியை நம்புமுன் எழுதியவர் யார், நாள் என்ன, வேறொரு நாளேட்டில் அது வந்துள்ளதா என்று பார்ப்போம். ஒரு தளம் திறக்கவில்லை என்றால், "கோளாறு" என்று விட்டுவிடாமல் ஏன் என்று கேட்போம். வீட்டில் ஒரு நாளேட்டோடு நிறுத்தாமல், மாறுபட்ட கருத்துடைய இன்னொன்றையும் நூலகத்தில் படிப்போம். நமக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்பவரின் வாய் அடைக்கப்படும்போதும், அது தவறு என்று சொல்லும் துணிவு பெறுவோம். நமக்குப் பிடித்தவருக்காக மட்டும் பேசுவது நீதியன்று.

நம் மதுரை இதற்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. கையில் சிலம்போடு, தலைவிரி கோலத்தோடு, கண்ணகி பாண்டியன் வாயிலில் நின்றாள். வாயிற்காவலன் அவளைக் கண்டு அஞ்சினான். ஆயினும் அவளைத் துரத்தவில்லை. உள்ளே சென்று உள்ளபடி உரைத்தான். அரசனும் "அவள் பேச்சு எனக்கு இழுக்கு" என்று தள்ளாமல், வரவிடச் செய்து கேட்டான். கேட்டதனால் அவன் உயிர் போயிற்று. ஆனால் இத்தனை நூற்றாண்டு கழிந்தும், தவற்றை ஒப்புக்கொண்ட மன்னன் என்ற பெயர் போகவில்லை. அன்று அக்கதவு அடைபட்டிருந்தால், கோவலன் கள்வன் என்ற பொய்யே வரலாறாக நின்றிருக்கும்.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் அம்மாச்சியிடம் படித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த ஆண்டு அதே சகோதரி, கடிதங்களைப் பிரிக்காமல் அப்படியே கொடுக்கத் தொடங்கினார்கள் அம்மா. ஒருநாள் நான் நேரே போய், 'என் அம்மாவுக்காகச் செபிக்க எனக்கு வாய்ப்பில்லாமல் போயிற்றே' என்று அழுதேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள்."

கேட்பதற்கு ஒருத்தி துணிந்தாள், செவிசாய்க்க ஒருவர் இருந்தார், கதவு திறந்தது. வீட்டிற்கும் நாட்டிற்கும் வழி அதுவே.